அதிகப்பிரசங்கிகள்

நாலு வயசுக் குழந்தை ஒன்று பெரியவர்களைப் பார்த்து 'ஏன்?' என்று கேட்கிறது. பதில் சொன்னால் 'அது ஏன் அப்படி?' என்று மறுபடியும் கேட்கிறது. ஊர்த்தெருவில் இதற்குப் பெயர் சூட்டிகை. அக்கிரகாரத்தில் இதற்குப் பெயர் பூர்வஜென்ம வாசனை. சேரியில் இதற்குப் பெயர் அதிகப்பிரசங்கித்தனம். வாய்க்கொழுப்பு, துடுக்கு, பிஞ்சில பழுத்தது, 'வயசுக்கு மீறின பேச்சு' என்று இந்த வகைச் சொற்களுக்கு நம் தெருக்களில் பஞ்சமே கிடையாது. செயல் ஒன்றுதான். தெரு மாறும்போது பெயர் மாறுகிறது. வயதுக்கு முந்தி வளர்கிற குழந்தையை இனங்காண வேண்டும், அதற்குக் கருவி வேண்டும், நிபுணர் வேண்டும் என்று கல்வியாளர்கள் பேசுகிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒன்று வேண்டும். அந்தக் குழந்தை வாய் திறந்தால் அதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்கிற காது வேண்டும்.

எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் பெரியபுராணத்தை வரிவரியாகப் படித்தோம். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயசுக் குழந்தை அழுகிறது. அம்மையே இறங்கி வந்து பொற்கிண்ணத்தில் பால் கொடுக்கிறாள். தகப்பன் கையில் கோலை எடுத்துக்கொண்டு 'யார் கொடுத்த பால்?' என்று மிரட்டுகிறான். குழந்தை விரலை நீட்டிக் காட்டிப் பாடுகிறது, ஞானசம்பந்தன் ஆகிவிடுகிறது. அதே சேக்கிழார் நந்தனின் ஆதனூர்ச் சேரியையும் பாடியிருக்கிறார். அங்கேயும் குழந்தைகள் உண்டு. கையில் இரும்பு வளையம் போட்ட கறுத்த பிள்ளைகள் நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அழகான சித்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கோலை எடுத்து மிரட்டிக்கூடக் கேட்பதில்லை. 12-ஆம் நூற்றாண்டுக் கவிஞனுக்குச் சேரிக் குழந்தையின் உடம்பும் ஓட்டமும் தெரிந்தன. ஞானப்பால் எந்தத் தெருவுக்கு வரும் என்பது மட்டும் அவருக்கு முன்பே முடிவாகிவிட்ட விசயம்.

சரி, ஊர்க்காரன் பார்க்கவில்லை, கவிஞன் பார்க்கவில்லை. நம்ம வீட்டுப் பெண்கள் ஏன் பிள்ளையின் வாயை அடக்குகிறார்கள்? 'வாய மூடிக்கினு கெட' என்று ஒரு தாய் தன் பிள்ளையின் முதுகில் வைக்கிற அடியை, படிக்காத தாயின் அறியாமை என்று எழுதிவிட்டுப் போகிற தொண்டு நிறுவன அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். அந்த அடிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஆண்டை வீட்டு வாசலில் நின்று 'ஏன் எங்களுக்கு மட்டும் கொட்டாங்கச்சில ஊத்துறீங்க?' என்று ஒரு குழந்தை கேட்டால், அடி வாங்குவது குழந்தை மட்டுமல்ல. அதன் அப்பனுக்கு மறுநாள் வேலை கிடையாது. கெட்டிக்காரப் பிள்ளையைப் பெற்றவளுக்குத்தான் பயம் அதிகம். கண்ணு பட்டுடும் என்று கன்னத்தில் மை வைப்பதும், வாயில் அடிப்பதும் ஒரே பயத்தின் இரண்டு கைகள். இந்தப் பயத்தை மதிக்காமல் அவர்களிடம் குழந்தை வளர்ப்புப் பற்றி வகுப்பெடுக்கப் போகிறவர்களுக்கு டீயும் மரியாதையும் கிடைக்கும். வேறொன்றும் கிடைக்காது.

நாங்கள் நடத்துகிற மாலை வகுப்பு விழுப்புரத்துக்கு வடக்கே ஒரு காலனியில் இருக்கிறது. 23 பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாம் ஒரே திண்ணையில். மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் தன் தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தங்கச்சிக்கு அப்போது நாலரை வயசு. கழித்தல் கணக்கு ஒன்றில் பெரிய பிள்ளைகள் விரல் விட்டுக்கொண்டிருந்தபோது இடுப்பிலிருந்து பதில் வந்தது. தற்செயல் என்று இன்னொரு கணக்குக் கேட்டேன். அதுவும் சரி. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, 'எதிர்வூட்டு அத்த அறநூறு கட்டணும். நானூத்தம்பதுதான் கட்டுச்சி. அப்பறம் அந்தாளு கத்துனாரு, நூத்தம்பது எங்கன்னு' என்றது. கடன் குழுக்காரர் வாராவாரம் வந்து தவணை வசூலிக்கும்போது ஆத்தா மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எந்த வீட்டில் எத்தனை வாரம் பாக்கி, யார் யாருக்காகக் கட்டினார்கள், யார் பொய் சொன்னார்கள், எல்லாம் அதற்குத் தெரியும். பென்சிலைப் பிடிக்கத் தெரியாது. பிடித்தால் முள்ளுக்குத்தியை இறுக்குவது மாதிரிப் பிடிக்கும். பால்வாடியில் அதற்கு 'அடங்காத புள்ள' என்று பெயர். அ, ஆ சொல்லச் சொன்னால் எழுந்து போய்விடுகிறதாம். ஏற்கெனவே தெரிந்ததை எத்தனை தடவைதான் சொல்லும்?

இந்த மாதிரிக் குழந்தைகளைப் பற்றிப் படித்ததும் பார்த்ததும் சேர்ந்து எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அறிவும் கையும் மனசும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. எட்டு வயசுக்காரன் மாதிரிக் கணக்குப் போடுகிற குழந்தை பலூன் உடைந்ததற்கு மூன்று வயசுக்காரன் மாதிரி ஒரு மணி நேரம் அழும். பேச்சு சீக்கிரம் வந்த குழந்தைதான் கெட்டிக்காரக் குழந்தை என்பதும் இல்லை. தாமதமாகப் பேசி, பேச ஆரம்பித்த நாளிலேயே முழு வாக்கியமாகப் பேசுகிற பிள்ளைகள் உண்டு. நியாயம் பற்றிய கேள்விகள் சீக்கிரம் வரும். 'அவங்க மட்டும் ஏன் நாற்காலியில குந்துறாங்க?' என்று கேட்கும். கேட்டதை மறக்காது, நீங்கள் போன மாதம் சொன்ன பொய்யை இந்த மாதம் திருப்பிக் கேட்கும். இவையெல்லாம் வகுப்பறையில் தொந்தரவாகத்தான் வெளிப்படும். நமது பிள்ளைகளுக்கு இதோடு வயிற்றுப் புழு, ரத்தசோகை, காதில் சீழ், விடிகாலையில் எழுந்து தண்ணி பிடிக்கிற தூக்கக் கலக்கம். மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளை மக்குப் பிள்ளையா, பசித்த பிள்ளையா, சலித்துப்போன கெட்டிக்காரப் பிள்ளையா என்று 40 பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார் எப்படிக் கண்டுபிடிப்பார்? அதிலும் அந்த வாத்தியாருக்கு அந்தப் பிள்ளை எந்தத் தெரு என்பது முதல் நாளே தெரிந்திருக்கும்போது? கழிப்பறை கழுவ யாரை அனுப்புவது என்பதை மட்டும் நம் பள்ளிக்கூடங்கள் பிழையில்லாமல் இனங்கண்டுவிடுகின்றன. 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காக ஒரு தலைமையாசிரியை கைதானார். அது வெளியே வந்த செய்தி.

கருவிகளை வைத்து அளக்கலாமே என்பார்கள். அளவுகோலின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். 1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே தன் சோதனையை உருவாக்கியது, படிப்பில் கூடுதல் உதவி தேவைப்படுகிற குழந்தைகளைக் கண்டறிவதற்காக. அது அமெரிக்காவுக்குப் போனதும் உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று மனிதரைத் தரம் பிரிக்கிற தராசாகிவிட்டது. அங்கே அதைத் திருத்தி வெளியிட்ட லூயிஸ் டெர்மன், மெக்சிகர்களிடமும் கறுப்பரிடமும் மந்தபுத்தி இனக்குணமாகவே இருப்பதாக 1916-இல் எழுதினார். பிறகு 1921-இல் கலிஃபோர்னியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட 'மேதைக் குழந்தைகளை'ப் பொறுக்கி எடுத்து வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து ஆராய்ந்தார். அந்தச் சல்லடையில் சோதிக்கப்பட்டுத் தேறாமல் போன இரண்டு பையன்கள் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரேசும். பின்னாளில் இருவரும் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கினார்கள். இதில் ஒரு கூத்து. தன்னையே தள்ளிவிட்ட அதே வகைச் சோதனையின் மதிப்பெண்ணைக் காட்டித்தான் ஷாக்லி, கறுப்பர்கள் பிறவியிலேயே அறிவு குறைந்தவர்கள் என்று கடைசிவரை பிரச்சாரம் செய்தார்.

ஆனாலும் அளவுகோலையே தூக்கி எறிந்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஃபுளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில் ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த குழந்தைகளை மட்டும்தான் சிறப்பு வகுப்புக்குச் சோதித்து வந்தார்கள். 2005 முதல் இரண்டாம் வகுப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் சோதனை வைத்தார்கள். ஏழைக் குழந்தைகள், கறுப்பினக் குழந்தைகள், ஸ்பானிய வழிக் குழந்தைகளின் எண்ணிக்கை கிடுகிடுவென்று உயர்ந்தது. அந்தக் குழந்தைகள் அதற்கு முன்பும் அதே பெஞ்சுகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கைநீட்டிக் காட்டவில்லை, அவ்வளவுதான். பணமில்லை என்று அந்தப் பொதுச் சோதனையை நிறுத்தியதும் பழைய இடைவெளி திரும்பி வந்துவிட்டது. ஆகவே கேடுகெட்ட அளவுகோலைவிடவும் கேடானது, 'எனக்குத் தெரியாதா எது நல்ல பிள்ளைன்னு' என்கிற கண்.

அந்தக் கண் யாருடையது? உத்தரப்பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் நடத்திய சோதனை 2004-இல் வெளியானது. 321 மேல்சாதிப் பையன்கள், 321 தலித் பையன்கள். புதிர்ப்பாதைகளில் வழி கண்டுபிடிக்க வேண்டும். சாதியைச் சொல்லாமல் விளையாடவிட்டபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அறையில் பெயரோடு சாதியையும் சேர்த்து அறிவித்துவிட்டு விளையாடச் சொன்னபோது தலித் பையன்கள் பின்தங்கினார்கள். அதே வயசுப் பிள்ளைகள், அதே மாதிரிப் புதிர். ஒரு சொல் காதில் விழுந்ததும் கை தயங்குகிறது. இதை நாம் கூட்டங்களில் எடுத்துச் சொல்கிறோம். சுலபமாகக் கைதட்டல் கிடைக்கிறது.

கைதட்டல் கிடைக்காத இன்னொரு ஆய்வும் இருக்கிறது. ரீமா ஹன்னாவும் லீ லிண்டனும் 2012-இல் வெளியிட்டது. விடைத்தாள்களின் முகப்பில் சாதியை இஷ்டத்துக்கு மாற்றி ஒட்டி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். கீழ்ச்சாதி என்று ஒட்டப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் குறைந்தது. அளவு சிறியதுதான். ஆனால் அப்படிக் குறைத்தவர்களில் அழுத்தமாகத் தெரிந்தவர்கள் கீழ்ச்சாதி ஆசிரியர்களே. மேல்சாதி ஆசிரியர்களிடம் அந்தப் பாகுபாடு தென்படவில்லை. இதை வைத்துக்கொண்டு 'பார்த்தாயா, உங்க ஆளே உங்களை மதிக்கவில்லை' என்று எக்களிப்பவர்கள் எக்களிக்கட்டும். நமக்கு இது வேறொன்றைச் சொல்கிறது. அந்த ஆசிரியர் எத்தனை ஆண்டு தன்னைப் பற்றிக் கேட்டதை நம்பியிருந்தால், தன் தெருப் பிள்ளையின் சரியான விடையில் தப்பைத் தேடுவார்? சாதி நம் கண்ணுக்குள்ளும் உட்கார்ந்துகொண்டுதான் பார்க்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் வேலை பார்க்கிற நம் தோழர்கள் இதை மனசில் வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்த வேண்டும்.

அண்ணலின் பிள்ளைப்பருவத்தை நாம் மேடையில் சொல்கிற விதமே எனக்கு உடன்பாடில்லை. சாக்குப்பையில் உட்கார்ந்தார், தண்ணீர் மறுக்கப்பட்டது, ஆனாலும் பிறவி மேதை என்பதால் ஜெயித்தார் என்று சொல்லிவிடுகிறோம். தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படியுங்கள். சதாராவில் சண்டைக்கார, குறும்புக்காரச் சிறுவன். அத்தையின் பணப்பையிலிருந்து காசெடுத்துக்கொண்டு பம்பாய் மில்லுக்கு ஓடிவிடத் திட்டம் போட்டவன். கிடைத்தது அரையணா. 1907-இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் 750-க்கு 282 மதிப்பெண். நூற்றுக்கு 38-கூட இல்லை. எந்தத் திறனறித் தேர்விலும் இந்தப் பையன் தேறியிருக்க மாட்டான். அவரைத் தேற்றியது வேறு. ராம்ஜி சக்பால் என்ற ஓய்வுபெற்ற ராணுவப் பள்ளி ஆசிரியர், பரேலில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு, மகன் கேட்ட புத்தகத்துக்காகக் கட்டிக்கொடுத்த மகள்களின் நகையை வாங்கி அடகு வைத்தார். மகன் விடிகாலையில் எழுந்து படிப்பதற்காகத் தான் விழித்திருந்தார். பூங்காவில் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பையனை கேலுஸ்கர் என்ற ஆசிரியர் பார்த்தார். யாரென்று விசாரித்தார், புத்தகம் கொடுத்தார், பிற்பாடு பரோடா மன்னரிடம் கூட்டிப்போய் மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்தார். ஒரு தகப்பனின் தூக்கம், ரெண்டு அக்காள்களின் நகை, ஒரு வாத்தியாரின் கவனம். அந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்த அக்காள்களுக்கு எந்த ஊரில் சிலை வைத்திருக்கிறோம்?

மதிப்பெண்ணைச் சொன்னதும் என் தோழர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் மதிப்பெண்ணுக்காக அல்ல. 'தோழர், கெட்டிக்காரப் பிள்ளை, மேதைப் பிள்ளைன்னு நீங்க பேசுறதே பார்ப்பனியம். 1990-ல மண்டலுக்கு எதிரா எந்தத் தகுதி, திறமையைச் சொல்லி நம்மள அடிச்சானோ, அதே கோலத்தான் நீங்க கையில எடுக்கறீங்க. ஒரு புள்ளைய சூட்டிகைன்னு சொன்னா மீதி 22 புள்ளைங்களும் மக்குன்னு சொன்னதாத்தானே அர்த்தம்?' என்றார். இது லேசில் ஒதுக்கக்கூடிய கேள்வி இல்லை. எனக்குத் தெரிந்து இந்த விசயத்தில் இருக்கிற ஒரே உண்மையான கேள்வி இதுதான்.

என் பதில் இப்படிப் போகிறது. தகுதி என்பது ஒரு உரிமைக் கோரிக்கை. 'நான் உன்னைவிட மேல், ஆகவே இது எனக்கு' என்பது அதன் வாக்கியம். நாலரை வயசுக் குழந்தை கழித்தல் போடும்போது அப்படி எதையும் கோரவில்லை. அதற்குப் பசிக்கிறது. சத்துணவுக் கூடத்தில் ஒரு பிள்ளை ரெண்டாவது கரண்டி கேட்டால், அது நல்ல பிள்ளை என்பதற்காகவா போடுகிறோம்? வயிறு கேட்கிறது, போடுகிறோம். இன்னொரு பிள்ளைக்கு மெல்லக் குழைத்து ஊட்ட வேண்டியிருக்கிறது, ஊட்டுகிறோம். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு, ஒரே வேகம் என்று கரண்டியை வீசிவிட்டுப் போவது சமத்துவம் இல்லை. அது விடுதி வார்டனின் கணக்கு. வேகமாக வளர்கிற அறிவைத் தேவை என்று பார்த்தால் அதைக் கவனிப்பது நீதி. தகுதி என்று பார்த்தால் அதே கவனிப்பு பரிசாகிவிடுகிறது. பரிசு என்றால் மற்ற பிள்ளைகள் தோற்றவர்கள். பரிசு என்றால் வாங்கியவன் கடன்காரன்.

இந்தக் கடன் சமாச்சாரத்தை நம் இயக்கங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. படித்தவர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று 1956-இல் ஆக்ராவில் அண்ணல் வருந்தியதை நாம் அறிவோம். அந்த வருத்தம் பதவிக்கு வந்த பெரியவர்களைப் பார்த்துச் சொன்னது. நாம் அதை எடுத்து அஞ்சு வயசுப் பிள்ளையின் தலையில் வைக்கிறோம். ஏப்ரல் 14 வந்தால் மைக்கைக் குனித்து, நீலத் துண்டு போட்டு, ஒரு சிறு பிள்ளையை மேடையேற்றுகிறோம். அது மூச்சு விடாமல் பேசுகிறது. 'அடுத்த அம்பேத்கர்' என்று தலைவர் அறிவிக்கிறார். விசில் பறக்கிறது. அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு வாக்கியமாவது அதன் சொந்தக் கேள்வியா? கேள்வி கேட்கிற வாயைத்தானே நாமும் மனப்பாடத்தால் அடைக்கிறோம்? அப்படி மேடையேறிய ஒரு பையன் பத்தாம் வகுப்பில் 300 மதிப்பெண் வாங்கியபோது வீட்டுக்குப் போகாமல் ரெண்டு நாள் பஸ் நிலையத்தில் படுத்துக் கிடந்ததை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒரு சாதாரண மனிதனாக வாழ்கிற உரிமையும் நமது பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்ட உரிமைகளில் ஒன்று. கெட்டிக்காரப் பிள்ளைக்கும் அது உண்டு.

தோழர் விடவில்லை. 'சரி, தேவைன்னே வச்சிக்குங்க. இருக்கறது நீங்க ஒருத்தர், ரெண்டு மணி நேரம். அந்தப் புள்ளைக்குக் குடுக்கற அரை மணி நேரம் யாருகிட்டருந்து புடுங்கினது?' நியாயம். நாலாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பையன் அதே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். என் நேரம் முதலில் அவனுக்குத்தான், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வேகமான பிள்ளைக்கு வேண்டியது ஆசிரியரின் மடி இல்லை. அதை நிறுத்தாமல் இருந்தால் போதும். பெரிய பிள்ளைகளின் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்க விட வேண்டும். விளையாட்டுக்குத் தன் வயசுப் பிள்ளைகளோடு விட வேண்டும். புளியங்கொட்டை, சோழி, பல்லாங்குழி, பழைய கடிகாரம், படம் போட்ட புத்தகம் என்று கைக்கு எட்டுகிற இடத்தில் எதையாவது வைக்க வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் 'தெரியாது, பார்க்கலாம்' என்று சொல்ல வேண்டும். நாளைக்கு ஒரு கேள்வியாவது, பதில் நமக்கே தெரியாத கேள்வியாக, அதனிடம் கேட்க வேண்டும். அதைச் சட்டாம்பிள்ளையாக்கி மற்ற பிள்ளைகளை மிரட்ட வைக்கக் கூடாது. ரெண்டு வகுப்பு தாண்டி உட்காரவைக்கிற அவசரமும் வேண்டாம். பென்சில் பிடிக்காத கைக்கு அது தண்டனை. இதற்கெல்லாம் காசு அதிகம் ஆகாது. நகரத்தில் கூவிக் கூவி விற்கிற அபாகஸ் வகுப்புக் கட்டணத்தில் எங்கள் திண்ணைக்கு ஒரு வருசத்துக்குப் புத்தகம் வாங்கலாம்.

ஆத்தாவிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. 'ஒம் பொண்ணு நல்லா வெவரமா இருக்கு' என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. 'யக்கா, அதுங்கிட்ட சொல்லிடாதீங்க. ஏற்கெனவே கடன்காரருகிட்ட, போன வாரம் வேற சொன்னீங்களேன்னு கேட்டுடுச்சி. அந்தாளு என்னியத்தான் மொறைக்கிறாரு' என்றாள். அவளைத் தைரியமாக இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தவணைக் கணக்கைத் துண்டுத்தாளில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். இப்போது நாலைந்து பெண்கள் அப்படி எழுதி வாங்குகிறார்கள். கூட்டிக் கழித்துச் சரிபார்ப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு இப்போது படிக்க வந்துவிட்டது. எங்களிடம் இருக்கிற புத்தகங்களை எல்லாம் முடித்துவிட்டது. கிளை நூலகம் ஊர்த்தெருவில், கோயிலுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறது. தனியாக அனுப்ப யாருக்கும் மனசில்லை. சனிக்கிழமைகளில் ஆறேழு பிள்ளைகளைச் சேர்த்து நானோ தோழரோ கூட்டிப் போகிறோம். சிறுவர் புத்தக அலமாரிக்குச் சாவி தொலைந்துவிட்டது என்று மூன்று வாரமாகப் பதில் வருகிறது. ஊர்த்தெருப் பிள்ளைகள் கையில் அந்த அலமாரிப் புத்தகங்களைப் பார்த்திருக்கிறோம். மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதியிருக்கிறோம். பெற்றோர் 26 பேர். 17 கையெழுத்து, 9 கைநாட்டு. எத்தனை பேர் கைநாட்டு என்று எண்ணிச் சொன்னதும் அதுதான். அதோடு, 'கைநாட்டு வச்சவங்களும் பொஸ்தகம் எடுக்கலாமா?' என்று கேட்டது. விதிகளைப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.